பனியில் வலை இல்லை

மணாலி, இமாச்சலப் பிரதேசம்
12 டிசம்பர் 2024

ஜெனி,

என் எண்ணை உன் போனில் அடைத்து வைத்திருக்கிறாய். அம்மாவின் போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன், அதையும் நீ எடுக்கவில்லையாம். தபால்காரரை அடைத்து வைக்க வழி கிடையாது என்பதால் எழுதுகிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்பு தமிழ் இரண்டாம் தாளில். முறை தவறினால் பொறுத்துக்கொள்.

வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ராயபுரத்தில் அம்மா எல்லோரிடமும் "எம் பொண்ணு மணலியில கீறா" என்றுதான் சொல்கிறாளாம். கேட்டவர்கள் நம்ம பக்கத்து மணலி என்று நினைத்து, எந்தக் கம்பெனி என்று விசாரிக்கிறார்கள். அப்பா மட்டும் "அது வேற ஊரு, ஐஸ் ஊரு" என்று திருத்துகிறார். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவர் அவர். இங்கே முதல்முறை பனியில் கால் வைத்தபோது நானும் மீன் வாசனையைத்தான் தேடினேன்.

பயிற்சி மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில். உள்ளே ஒரு ட்ராம்போலின் வலை. நம்முடையதைவிடப் பெரியது, ஸ்பிரிங்குகளில் துரு இல்லை. உத்திரத்திலிருந்து கயிறும் இடுப்பு பெல்ட்டும் தொங்குகின்றன. புதுப் பல்டி பழகும்போது பெல்ட்டைக் கட்டிக்கொண்டால், தவறினாலும் கீழே நிற்பவர் கயிற்றை இழுத்து அந்தரத்தில் பிடித்துவிடுவார். காலில் ஓரம் மழுங்கடித்த குட்டையான சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு குதிக்கிறோம். திருவொற்றியூர் குடோனில் நாம் காலில் துணி சுற்றிக் குதித்தோமே, அதே வேலைதான். முதலில் வலை, பிறகு காற்றுப்பை, கடைசியில் பனி. உச்சியிலிருந்து வேகமாகச் சறுக்கி வந்து, கீழே கட்டியிருக்கும் பனிமேட்டிலிருந்து காற்றில் எழும்பி, பல்டி அடித்து, சரிவில் கட்டைகளோடு இறங்க வேண்டும். நான் இன்னும் அதற்கு வரவில்லை. நேராகச் சறுக்கவே இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போகிறார்கள்.

என் அறைத்தோழி ஜஹானாரா. காஷ்மீரில் குல்மார்க் பக்கத்துக் கிராமம். எனக்கு நேர் எதிர். நடக்கப் பழகும்போதே சறுக்கியவள், பல்டிதான் வராது. வலையிலிருந்து எழும்பியதும் தலையைப் பின்னால் வீசிவிடுகிறாள். கோச் அவளை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நாம் ஜோடியாகக் குதித்த இத்தனை வருஷத்திலும் சொன்னது நீ, செய்தது நான். அவளுக்கு என்ன சொல்வது?

சொல்லாமல் கிளம்பினேன் என்று கோபப்படுகிறாய். பனிச்சறுக்குச் சங்கத்தின் செயலாளர் குடோனுக்கு வந்து, "சறுக்கத் தெரிந்தவர்களுக்குப் பல்டி வருவது கஷ்டம், பல்டி தெரிந்தவர்களுக்குச் சறுக்கு சுலபம்" என்று நம்மை அழைத்தபோது, போனால் இருவரும், இல்லாவிட்டால் யாரும் இல்லை என்று பேசினோம். நுரையீரல் சோதனையில் உன்னை மட்டும் நிறுத்திய பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கேட்டிருந்தால் வாயால் போ என்றிருப்பாய், அப்புறம் ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டாய். கேட்காமல் வந்தேன், அப்போதும் பேசவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஃப்ளோரன்ஸ்


திருவொற்றியூர்
26 டிசம்பர் 2024

ஃப்ளோரன்ஸ்,

எனக்கு இரண்டும் ஒன்றில்லை.

நீ கிளம்பிய அன்று சாயங்காலம் குடோனில் உனக்காகக் காத்திருந்தேன். வரதன் மாஸ்டர் வலையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஃப்ளோரா எங்க மாஸ்டர், இன்னும் காணோம்?" என்று கேட்டேன். அவர் நிமிராமலே, "உங்கிட்ட சொல்லலியா? காலீலயே ரயில் ஏறிட்டாளே" என்றார். என் முகத்தை அவர் பார்க்காமல் இருந்ததற்கு இன்றுவரை அவரிடம் நன்றியோடு இருக்கிறேன். மாஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் கடையில் மூட்டை இறக்குகிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

இப்போது அப்பாவோடு கடையில் உட்காருகிறேன். அவருக்கு நிம்மதி. "இனி அந்தக் குதியாட்டம்லாம் வேண்டாம்ளா" என்கிறார். சாயங்காலம் மட்டும் குடோனுக்குப் போகிறேன். சின்னப் பிள்ளைகள் குதிக்கும்போது ஓரத்தில் நின்று, விழப்போகிற இடத்துக்கு மெத்தையைத் தள்ளுகிறேன். மணலிப் பக்கமிருந்து காற்று வீசினால் அதற்கே மூச்சு வாங்குகிறது.

அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். உனக்காக அல்ல. தலையை வீசுகிறவள் பயத்தில் வீசுகிறாள். சீக்கிரம் சுற்றினால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று உடம்பு நினைக்கிறது. எதிர்ச் சுவரில், அவள் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சிவப்புத் துணியைக் கட்டு. வலையை விட்டுக் கால் எழும்பும்வரை கண் அந்தத் துணியை விடக்கூடாது. இடுப்பு மேலே போகட்டும், தலை தானாகப் பின்னால் வரும். காலில் கட்டைகள் இருந்தால் சுற்று மெதுவாகத்தான் வரும் என்பதை முன்பே சொல்லிவிடு. இல்லையென்றால் பாதியில் பயந்து உடம்பை விரித்துவிடுவாள்.

பெல்ட்டை அவசரப்பட்டுக் கழற்றாதே.

பதில் எழுத வேண்டியதில்லை.

ஜெனி


மணாலி
14 ஜனவரி 2025

ஜெனி,

பதில் வேண்டாம் என்றாய், ஆனால் பொங்கலன்று யாரிடமாவது தமிழில் பேச வேண்டும் போலிருக்கிறது. இங்கே சாப்பாட்டுக் கூடத்தில் ராஜ்மாவும் சோறும். பொங்கல் என்றால் என்ன என்று ஜஹானாரா கேட்டாள். கையை ஆட்டி ஆட்டிப் பானை பொங்குவதைக் காட்டினேன். "எங்க வீட்டில் பால் பொங்கினால் அம்மா அடிப்பாள்" என்றாள்.

உன் சிவப்புத் துணி வேலை செய்தது. முதலில் அவள் சிரித்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தலை நிற்க ஆரம்பித்தது. போன வாரம் பெல்ட்டோடு முழுப் பல்டி அடித்து, கட்டைகள் இணையாக, வலையின் நடுவில் இறங்கினாள். நான் கயிற்றைத் தொடவே இல்லை. இறங்கியதும் வலையிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு, "இது யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாள். என் தோழி என்றேன். "அவள் ஏன் வரவில்லை?" என்றாள். அதற்கு என் இந்தி போதவில்லை என்று சமாளித்தேன்.

நானும் பனியில் சிறிய மேட்டிலிருந்து சும்மா தாண்டுகிறேன். ஜெனி, ஒன்று கவனித்தேன். வலையில் நாம் எவ்வளவு கோணலாக இறங்கினாலும் அது நம்மை மறுபடி தூக்கிவிடுகிறது. அடுத்த குதியில் சரிசெய்து கொள்ளலாம். பனியில் அடுத்த குதி என்பது இல்லை. அதனால்தான் நடுவில் காற்றுப்பை. பனிமேட்டிலிருந்து எழும்பி மெத்தென்ற பெரிய பையில் விழுந்து பழகுவது. ஆனால் எங்கள் பை டிசம்பர் காற்றில் கிழிந்து, ஊதும் எந்திரமும் நின்றுவிட்டது. டெல்லியிலிருந்து ஆள் வரும் என்கிறார்கள். வரவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் சங்கத்துப் பெரியவர்களும் விளம்பரம் கொடுக்கிறவர்களும் பார்க்க வருகிறார்கள். வெளிநாட்டு முகாமுக்கு இரண்டு பெயர் அனுப்புவார்களாம். அதற்குள் யாராவது ஒருவர் பனியில் பல்டி அடித்துக் காட்ட வேண்டும் என்று கோச் பரபரக்கிறார். எனக்குச் சறுக்கு போதாது. அவர் கண் ஜஹானாரா மேல் இருக்கிறது. "வலையில் வந்துவிட்டது, பனியில் வராதா?" என்கிறார். காற்றுப்பையில் ஒருமுறைகூடக் குதிக்கவில்லையே என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

உன் மூச்சு எப்படி இருக்கிறது?

ஃப்ளோரன்ஸ்


திருவொற்றியூர்
23 ஜனவரி 2025

ஃப்ளோரா,

வலையில் வந்தது பனியில் வராது. நீ பேச்சை மாற்ற விட்டிருக்கக் கூடாது.

வலையில் உன் உயரத்தை நீயே வைத்துக்கொள்கிறாய். நாலு குதி குதித்து, போதும் என்று தோன்றும்போது பல்டி அடிக்கிறாய். பனிமேட்டில் உயரத்தைத் தருவது நீ வரும் வேகம். நான் பனியைப் பார்த்ததில்லை. ஆனால் வேகம் குறைந்தால் உயரம் குறையும், உயரம் குறைந்தால் சுற்று முடியாது என்பதற்கு அதைப் பார்க்க வேண்டியதில்லை. பையில் பழகினால் பாதிச் சுற்றில் விழுந்தாலும் எழுந்து வரலாம். பை இல்லாமல் அவளை அனுப்ப விடாதே. கோச்சிடம் மறுபடி சொல். அவர் கேட்கவில்லை என்றால் அவளிடமே சொல்.

எனக்குப் பொறாமை என்று நினைப்பாய். பொறாமை இருக்கிறது. நீ எழுதியிருந்த கொட்டகையையும் கயிற்றையும் துருப்பிடிக்காத ஸ்பிரிங்கையும் பல தடவை படித்தேன். ஆனால் இதைப் பொறாமையில் எழுதவில்லை.

மூச்சு குளிர்காலத்தில் இருப்பதுபோல் இருக்கிறது. உன் எண்ணை விடுவித்துவிட்டேன். அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு.

ஜெனி


மணாலி
9 பிப்ரவரி 2025

ஜெனி,

ஜஹானாரா சாகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவள் விழுந்த அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேன், நீயும் எடுத்தாய், "இன்னாடி, சொல்லு" என்றாய். எனக்குப் பேச்சு வரவில்லை. வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ கூப்பிட்ட எதையும் எடுக்க முடியவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது.

பெரியவர்கள் வந்திருந்தார்கள். அதற்கு முந்தின நாளே கோச்சிடம், "வலையில் மட்டும்தான் சார் சரியாக வருகிறது, பை இல்லாமல் வேண்டாம்" என்றேன். "சொல்லிக்கொடுப்பது உன் வேலை. முடிவு செய்வது என் வேலை" என்றார். விடிந்து பார்த்தால் புதுப் பனி விழுந்திருந்தது. ஜஹானாரா ஒரு கைப்பிடி அள்ளி அமுக்கிப் பார்த்தாள். உருண்டையாகப் பிடித்துக்கொண்டது. "இன்று பனி ஒட்டும். வேகம் வராது" என்றாள். கோச்சிடமும் சொன்னாள். அப்படியென்றால் இன்னும் மேலே இருந்து கிளம்பு என்றார் அவர்.

நான் உச்சியில் அவள் பக்கத்தில் நின்றேன். கட்டைகளைச் சரிபார்க்க என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். கீழே கம்பளி விரித்த நாற்காலிகள், கேமரா. கோச் வாக்கிடாக்கியில் "அனுப்பு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனாள்.

மேட்டிலிருந்து அவள் எழும்பியபோது தலை நேராக இருந்தது. நீ சொன்ன மாதிரியே. கண் முன்னால், இடுப்பு மேலே. தப்பே செய்யவில்லை, ஜெனி. உயரம்தான் போதவில்லை. முக்கால் சுற்றில் தரை வந்துவிட்டது. கழுத்தின் பின்பக்கம் முதலில் பட்டது. சத்தம் பெரிதாக இல்லை. பனி எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது.

கோச்தான் முதலில் ஓடினார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்து ரோடு வரை அவரே சுமந்தார். இங்கிருந்து சண்டிகருக்குக் கொண்டுபோனார்கள். தோளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வலது கையில் விரல்கள் கொஞ்சம் அசைகின்றனவாம். கோச் அதற்கப்புறம் அறையை விட்டு வரவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

நேற்று செயலாளர் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். விசாரணைக்கு மூன்று பேர் வருகிறார்கள். "அந்தப் பெண் அனுமதி இல்லாமல் தானாகக் குதித்தாள். நீ பக்கத்தில் நின்றாய், நீ சொன்னால் நம்புவார்கள்" என்றார். வெளிநாட்டு முகாமுக்கு என் பெயர் போகிறதாம். கோச்சின் பிழைப்பு, சங்கத்தின் பெயர், இனி வரப்போகிற பிள்ளைகள், எல்லாம் என் கையில் இருக்கிறது என்றார். மிரட்டவில்லை. அன்பாகத்தான் பேசினார்.

நான் என்ன சொல்லட்டும்?

ஃப்ளோரன்ஸ்


திருவொற்றியூர்
14 பிப்ரவரி 2025

ஃப்ளோரா,

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். விசாரணைக்கு முன் வந்துவிடும்.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு நடந்ததை எழுதுகிறேன். எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வாயு கசிந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலை பால் பாக்கெட் எடுக்க மாடியிலிருந்து இறங்கினேன். தெருவில் லேசாக மஞ்சள் புகை. கண் எரிந்தது. கதவைச் சாத்துவதற்குள் நெஞ்சுக்குள் யாரோ துணியை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினார். அவருக்கும் இருமல், ஆனால் என்னை இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பல நாள் என் கட்டில் பக்கத்திலேயே தரையில் படுத்தார்.

அப்புறம் விசாரணை வந்தது. தெருவிலிருந்து சிலரைக் கூப்பிட்டார்கள். அந்தத் தொழிற்சாலை கேன்டீனுக்கு அரிசியும் பருப்பும் எங்கள் கடையிலிருந்துதான் போனது. அப்பாவுக்கு முந்தின நாள் ஒருவர் வந்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசியிருக்கிறார். அவரும் அன்பாகத்தான் பேசியிருப்பார். மறுநாள் அப்பா எழுந்து, "நாத்தம் ஒண்ணும் தெரியல சார். இவளுக்குச் சின்னதுலயே இழுப்பு உண்டு" என்றார்.

நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு இழுப்பு இருந்ததே இல்லை. அதிகாரி என்னைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆமாம் சார் என்றேன்.

அதற்குப் பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி, சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமாவா என்பதுதான். நம் நுரையீரல் சோதனையிலும் அதைத்தான் கேட்டார்கள். மருந்து கொடுக்கிறார்கள், ஆனால் எனக்கு நடந்ததற்கு மருந்து இல்லை, ஏனென்றால் காகிதத்தில் எனக்கு எதுவும் நடக்கவில்லை. சில சமயம் எனக்கே சந்தேகம் வருகிறது. சின்ன வயதில் ஓடினேனா, குதித்தேனா, இல்லை நானே கற்பனை செய்துகொண்டேனா என்று.

அப்பா கெட்டவர் இல்லை. இன்றும் ராத்திரி மூச்சு இழுத்தால் எனக்கு முன்னால் அவர் விழித்துக்கொள்வார். ஆனால் என்னைத் தோளில் சுமந்ததை அவர் மறந்தாலும் மறப்பார். அந்த வாக்கியத்தை நாங்கள் இரண்டு பேருமே மறக்கவில்லை. சாப்பிடும்போது அது எங்களோடு உட்கார்ந்திருக்கிறது.

நீ பொய் சொன்னால் ஜஹானாரா அந்தப் பொய்க்குள்தான் படுத்திருப்பாள். அவள் ஊரில் எல்லோரும், திமிரெடுத்துக் குதித்தாள் என்பார்கள். நீ நிஜத்தைச் சொன்னாலும் அவள் எழுந்து நடக்கப்போவதில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு போ.

ஜெனி


குல்மார்க் அருகே
6 மார்ச் 2025

ஜெனி,

சொல்லிவிட்டேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பை கிழிந்தது, புதுப் பனி, அவள் வேகம் வராது என்றது, கோச் அனுப்பு என்றது, எல்லாம் சொன்னேன். நடுவில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "உனக்கும் கோச்சுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?" என்றார். இல்லை என்றேன். அப்புறம் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லையாம், பனி மறைத்ததாம். வீராங்கனை தன்னிச்சையாகக் குதித்ததால் ஏற்பட்ட விபத்து என்று முடித்தார்கள். ஒழுங்கு மீறியதற்காக என்னை முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பெட்டியைக் கட்டும்போது கோச் கதவருகே வந்து நின்றார். பிறகு போய்விட்டார்.

நான் நேராக ராயபுரம் வரவில்லை. ஜஹானாராவை அவள் அண்ணன் சண்டிகரிலிருந்து ஊருக்குக் கூட்டிப்போனார். வழியில் அவளுக்குத் துணி மாற்ற, திருப்பிப் படுக்க வைக்க ஒரு பெண் வேண்டும் என்றார். நான் ஏறிக்கொண்டேன்.

அவள் அம்மா முதலில் என்னோடு பேசவே இல்லை. ரொட்டித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். மகளைத் துடைக்கும்போது மட்டும் கையைக் காட்டி என்னை அழைப்பார். இரண்டு பேரும் சேர்ந்து திருப்புவோம். முதுகில் புண் வர ஆரம்பித்திருக்கிறது. அம்மா குனிந்து அதை ஊதுகிறார். மகளுக்கு அது தெரியாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும், இருந்தும் ஊதுகிறார்.

ஜஹானாராவிடம் விசாரணையைப் பற்றிச் சொன்னேன். நான் நிஜத்தைச் சொன்னேன், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். ஒரு நன்றியாவது வரும் என்று எங்கோ எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அவர்களிடம் சொன்னாய். உச்சியில் என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

முந்தின கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். உச்சியில் அவள் என்னைச் சும்மா பார்க்கவில்லை. "போகட்டுமா?" என்று கேட்டாள். வாக்கிடாக்கியில் அனுப்பு, அனுப்பு என்று சத்தம். நான் குனிந்து அவள் கட்டையின் பிடியைச் சரிபார்க்கிற மாதிரி பாவனை செய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழற்றிவிட்டு நடந்து இறங்கியிருப்பேன்" என்றாள். "பனியில் நடந்து இறங்குவது எனக்குப் புதிதா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

நாளை மறுநாள் இங்கிருந்து கிளம்பச் சொல்லி அவள் அண்ணன் மரியாதையாகச் சொல்லிவிட்டார். எங்கே போவது என்று தெரியவில்லை. அம்மா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொள்வாள், அதைத்தான் தாங்க முடியாது.

ஃப்ளோரன்ஸ்


திருவொற்றியூர்
20 மார்ச் 2025

ஃப்ளோரா,

நீ ஜம்முவில் லாட்ஜில் இருப்பதாக உன் அப்பா சொல்லி முகவரி கொடுத்தார். உன் கடிதத்தை எங்கள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. தான் அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவர் சொல்வார் என்று நினைத்தேனோ என்னவோ. முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளையப் பாத்துக்கிடத் தாய் இருக்காள்லா?" என்றார். இருக்கிறாள் என்றேன். எழுந்து கடைக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

இங்கே நடந்ததை எழுத வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை செயலாளர் குடோனுக்கு வந்தார். அதே ஆள்தான், அதே பேச்சுதான். புதுச் சறுக்குக் கட்டைகள் கொண்டுவந்திருந்தார். அடுத்த குளிர்காலத்துக்குப் பிள்ளைகள் வேண்டுமாம். பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். ஜஹானாராவைப் பற்றிச் சொன்னேன். பை கிழிந்ததிலிருந்து அவள் முதுகுப் புண் வரை. மூச்சு முட்டி நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன், ஆனால் முடித்தேன். செயலாளர் குறுக்கிடவில்லை. சின்னப் பெண் உணர்ச்சிவசப்படுகிறாள் என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார். வரதன் மாஸ்டர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

சிலர் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்புக்கரசியின் அம்மா நீலா மட்டும் நகரவில்லை. எண்ணூர் ரோட்டில் இட்லி விற்கிறார். அன்புக்கரசிக்குப் பதினைந்து வயது. இப்போது குடோனில் நன்றாகக் குதிக்கிறவள் அவள்தான்.

நீலா என்னிடம் வந்து மெதுவாகத்தான் பேசினார். "நீ சொல்றது கரீக்ட்டும்மா. உன்ன நம்புறேன். ஆனா நீ எங்கியும் போகல, எதுலயும் குதிக்கல. சொந்த வூட்டு வாசல்ல நின்ன. உனுக்கு இன்னா ஆச்சு?"

நான் மெத்தையின் ஓரத்தை இழுத்து நேராக்கினேன்.

"அங்க காத்தாவது நல்லாக் கீதுன்றாங்க. வெளயாட்டுல பேர் வந்தா ரயில்வேல வேலை குடுக்குறாங்க. இங்க வச்சிகினு நான் இன்னா பண்ணுவேன், சொல்லு" என்றார். சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். போய்ப் பெயரைக் கொடுத்தார். அன்புக்கரசி குளிர்காலம் தொடங்கும்போது கிளம்புகிறாள்.

அன்று முழுக்க அந்த அம்மா மேல் கோபமாக இருந்தது. இப்போது இல்லை.

ஜஹானாரா கேட்டதற்கு நீ என்னிடம் ஆறுதல் எதிர்பார்த்தால் என்னிடம் இல்லை. சொல்லியிருக்க வேண்டும். விசாரணையில் ஆமாம் சார் என்றவள் நான், உன்னைத் திட்டுவதற்கும் எனக்கு வாயில்லை. சொல்லாமல் நீ ரயில் ஏறியதற்கான கோபம் அப்படியே இருக்கிறது. அதை வந்தபின் தனியாகப் பேசிக்கொள்வோம்.

அன்புக்கரசிக்கு வலையில் நான் எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடுவேன். கண், இடுப்பு, கட்டையோடு மெதுவாக வரும் சுற்று, எல்லாம். ஆனால் உச்சியில் நிற்கும்போது கீழே நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், காதில் அனுப்பு அனுப்பு என்று சத்தம் வரும், அப்போது குனிந்து கட்டைகளைக் கழற்றி, இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க நடந்து இறங்க வேண்டும். அதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பழக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அங்கே நின்றதில்லை.

நீ நின்றிருக்கிறாய். எந்த ரயில் என்று சொல். சென்ட்ரலுக்கு வருகிறேன்.

ஜெனி